எவ்வுள்: வடக்குச் சாலையில் சோறும் படுக்கையும்

ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் நின்று பார்த்தால் சத்திரம் எதுவும் கண்ணில் படாது. டீக்கடை, பஞ்சர் கடை, பிரியாணிக் கடை, இளநீர் வண்டி, சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள். "சத்திரம்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கும்போது மட்டும் அந்தப் பழைய சொல் ஒரு நொடி உயிர் பெறும். நேரே போனால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா, கடைசியில் கல்கத்தா. இடது பக்கம் திரும்பினால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, திருப்பதி. இரண்டு பெரிய வழிகள் பிரிகிற இடம். நடந்து போகிறவன் மூட்டையை இறக்கிவைத்து, எந்தப் பக்கம் என்று யோசிக்கிற இடம். அங்கே ஒருவர் சத்திரம் கட்டியிருக்கிறார். பெயரை வைத்துப் பார்த்தால், சணல் கோணி நெய்து விற்ற ஜனப்பர் சாதியாரில் ஒருவராக இருக்கலாம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு வருஷம், வாரம் இரண்டு நாள், சென்னையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் அதே ஜிஎன்டி ரோடு. ஜிஎன்டி என்றால் கிராண்ட் நார்தர்ன் டிரங்க். இப்போது அரசு ஏட்டில் தேசிய நெடுஞ்சாலை 16. பழைய லாரிக்காரர்கள் இன்னும் என்.எச். 5 என்றுதான் சொல்கிறார்கள். தினமும் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வியில் ஆரம்பித்தது, ஒரு கட்டத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. தொழில்புத்தி. மேப்பில் 'சத்திரம்' என்று முடியும் ஊர்களைத் தேட ஆரம்பித்தேன். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் கனகம்மாசத்திரம். பெங்களூர் சாலைப் பக்கம் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம். சென்னையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பெரிய பாதையிலும் ஒரு நாள் நடைக்கு ஒன்று என்கிற மாதிரி அந்தப் பெயர்கள் விழுந்து கிடக்கின்றன. கட்டடம் போய்விட்டது, கட்டியவர் பெயர் ஊராகிவிட்டது. இதில் ஒரு பெண் பெயரும் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இந்தப் பகுதியில் சத்திரத்தின் பெயரைவிடப் பழைய ஒரு பெயர் இருக்கிறது. திருவள்ளூர்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் ஒரு சாப்பாட்டுக் கதை. சாலிஹோத்ரர் என்ற முனிவர் ஒரு வருஷம் பட்டினி கிடந்து தவம் செய்கிறார். தவம் முடிந்த நாளில் கொஞ்சம் அரிசி மாவு சேகரித்து, அதில் ஒரு பங்கை விருந்தாளிக்கென்று எடுத்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கிழவர் வருகிறார். பங்கைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்கிறார். முனிவர் தன் பங்கையும் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே மறுபடி ஒரு வருஷம் தவத்துக்குப் போய்விடுகிறார். அடுத்த வருஷமும் அதே கிழவர், அதே பசி. இந்தத் தடவை எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்த கிழவர், களைப்பாக இருக்கிறது, படுக்க வேண்டும், எந்த உள் என்று கேட்கிறார். உள் என்றால் அறை, இடம். எவ்வுள்? முனிவர் தான் இருக்கும் இடத்தையே காட்டுகிறார். அங்கே படுத்தவர்தான் பெருமாள். இன்றைக்கும் சாலிஹோத்ரர் தலையில் ஒரு கையை வைத்தபடி படுத்துக்கொண்டிருக்கிறார். ஊர் பெயர் திருஎவ்வுள். அதுதான் திருவள்ளூர் ஆயிற்று என்பது கோயில்காரர்கள் சொல்வது.

சொற்பிறப்பு ஆராய்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த ஊர் தன் பெயருக்கு இப்படி ஒரு கதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. எந்த அரசனும் கட்டிய ஊர் இல்லை, எந்த அசுரனும் செத்த ஊர் இல்லை. வழிப்போக்கன் ஒருவன் சாப்பிட்டுவிட்டு 'எங்கே படுக்கட்டும்' என்று கேட்ட ஊர். அந்தக் கதை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அமாவாசைக்கு முந்தின ராத்திரி போய்ப் பார்த்தால் தெரியும்: கோயிலைச் சுற்றி, குளக்கரையில், மூடின கடை வாசல்களில் ஜனங்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். காலையில் ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, உப்பும் மிளகும் போட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் போவார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதையில் முனிவர் கிழவரிடம் பசியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார். நீ யார், எந்தக் குலம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தச் சாலையில் பிற்பாடு வந்த எல்லாச் சாப்பாட்டு இடங்களும் கேட்டன.

தொண்டை நாட்டுக்கு அதைவிடப் பழைய ஒரு பயணச் சாப்பாட்டுக் கையேடு உண்டு. பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கி வந்த பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். பாதி வழி, பாதி மெனு. எயினர் குடியிருப்பில் சிவந்த சோறும் நாய் பிடித்த உடும்பின் வறுவலும் கிடைக்கும். ஆயர் வீட்டில் பாலோடு தினைச்சோறு. உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த கோழியும். பார்ப்பார் வீட்டில் மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் போட்ட மாதுளங்காய்ப் பொரியல், கூடவே மாங்காய் ஊறுகாய். கடற்கரைப் பட்டினத்தில் பன்றி இறைச்சியும் கள்ளும். கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் தமிழில் இன்னும் நாலு மதிப்பெண் எடுத்திருப்பேனோ என்னவோ.

கவிதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். புலவன் அரசனைப் புகழ வந்தவன், நாடு முழுக்க வாசல் திறந்திருப்பதாகத்தான் சொல்வான். இருந்தாலும் பாணனுக்கு எயினர் வீட்டிலிருந்து பார்ப்பார் வீடு வரை சோறு உண்டு என்று சொல்வதில் அவனுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சில நூற்றாண்டு கழித்து வரும் திருப்பாணாழ்வார் கதையில், பாணர் குலத்தில் வளர்ந்தவர் என்பதால் அவர் காவிரியின் அக்கரையிலேயே நின்று திருவரங்கத்தைப் பார்க்கிறார். நடுவில் என்ன நடந்தது என்பதை இலையில் யார் யாருக்குப் பரிமாறினார்கள் என்பதை வைத்தே ஒருவர் எழுதிவிடலாம்.

சத்திரங்களுக்கு வருவோம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கும்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தங்கள் முன்னோர் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் கட்டிவைத்த சத்திரங்களைக் கும்பெனி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கும் கடிதம். அதில் சத்திரம் நடக்கும் விதத்தை விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை எந்தச் சாதி, எந்த நாட்டு வழிப்போக்கர் வந்தாலும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நடு ராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயாளி என்றால் குணமாகும்வரை மருந்தும் பத்தியமும்.

அந்த நடு ராத்திரி மணியைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பசித்தவனைத் தேடி ஒரு ஏற்பாடு போகிறது. அதே கடிதத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்கள். யார் சமைத்தது என்று பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். எல்லோருக்கும் சோறு என்பதும், எல்லோரும் ஒரே பந்தியில் என்பதும் வேறு வேறு. சத்திரம் முதலாவதைச் செய்தது. இரண்டாவதை அது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சென்னைப் பக்கத்துச் சத்திரங்கள் அரச குடும்பத்தைவிட வணிகர்களும் துபாஷிகளும் கட்டியவை. 1817ஆம் ஆண்டின் ஏழாவது சட்டம் கோயில், மசூதி, பாலம் இவற்றோடு சத்திரத்து மானியங்களையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. சாலை கிளம்பும் இடத்திலேயே, ராயபுரத்தில், மணியக்காரர் சத்திரம் இருந்தது. 1780களின் பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள். பிறகு நோயாளிகளுக்கான இடமாக அது வளர்ந்து, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு விதையானது. வடசென்னைக் கிழவிகள் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

இந்தச் சாலைகளில் 1830இல் போன ஒருவர் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18ஆம் தேதி, தாய், மனைவி, பல்லக்குத் தூக்குகிறவர்கள், சேவகர்கள் என்று நூறு பேர் அளவுக்கு ஒரு பரிவாரத்தோடு காசிக்குக் கிளம்பினார். போனது மாதவரம் வழியாகத் திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர். 1831 செப்டம்பர் 3ஆம் தேதி வீடு திரும்பினார். வந்தது கல்கத்தா, பூரி, நெல்லூர் என்று கிழக்குக் கரையோரமாக. ஆக, நம் கூட்டுச்சாலை காட்டும் இரண்டு திசைகளிலும் பயணம் செய்தவர். கோமளீஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளை என்ற நண்பருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள்தான் 1838இல் காசியாத்திரை நூலாக அச்சாயின.

தீர்த்த யாத்திரைப் புத்தகம் என்று எடுத்தால் பெரும்பாலும் அது சாமான் கிடைக்கிற கணக்கு. இந்த ஊரில் சத்திரம் உண்டா, தண்ணீர் நல்லதா, கோமுட்டிக் கடை இருக்கிறதா, பாதை மணலா கல்லா, ஆற்றைக் கடக்க முடியுமா. இன்றைக்கு நாம் போனில் நட்சத்திரம் பார்த்துக் கடை தேடுகிறோமே, அதே கவலை. அவரிடம் கூடாரம் இருந்தது, சமைக்க ஆள் இருந்தது, கடிதங்களைக் காட்டினால் கலெக்டர்களே உதவினார்கள். அவருக்குத் தேவைப்பட்டது நிழலும் தண்ணீரும் அரிசியும். பல்லக்கைத் தோளில் தூக்கி வந்தவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுத்தார்கள் என்பதை அவர்களில் ஒருவர் எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

வீராசாமி இறந்து இருபது வருஷம் கழித்து, 1856 ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது திருவள்ளூர் வழியாகப் போனது. 1899இல் வடக்கே கூடூர் பக்கப் பாதையும் திறந்தது. அவ்வளவுதான். இரண்டு நாள் நடை இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடையில் இருந்த சத்திரங்களுக்கு ராத்தங்க ஆள் வருவது குறைந்தது. உள்ளாட்சிக் குழுக்களின் கைக்கு வந்த சத்திரங்கள் சில பள்ளிக்கூடமாயின, சில ஆபீஸாயின, சில சும்மா இடிந்தன. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தனியாக முசாபரி பங்களா இருந்தது. அங்கே பட்லர், கோழி சூப்பு, கொசுவலை.

ரயிலில் எல்லாச் சாதியும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது என்று பெருமையாக எழுதுவோம். உண்மைதான். ஆனால் வண்டி நின்று இறங்கினால் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையில் பிராமணாளுக்கு ஒரு பகுதி, இதராளுக்கு ஒரு பகுதி. பெட்டியில் கலந்ததைப் பந்தியில் பிரித்துவிட்டார்கள். சுயமரியாதை இயக்கத்தார் வருஷக்கணக்கில் இதை எதிர்த்தார்கள். 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ரயில் வந்து எண்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

ஊருக்குள் ஓட்டல்கள் வந்த கதையும் அதேதான். அன்னத்தை விற்பது பாவம் என்றிருந்த ஊரில் காசு வாங்கிச் சோறு போடுகிறவன் முதலில் மரியாதையான ஆள் கிடையாது. காப்பி வந்து அதை மாற்றியது. காபி கிளப், பிராமணாள் காபி கிளப், பிராமணாள் ஹோட்டல். பலகையில் இருந்த அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம்: சமைத்தது யார், உள்ளே வரலாகாதவர் யார். திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க 1957இல் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். இத்தனைக்கும் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950லேயே சொல்லிவிட்டது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாக, ஓட்டலிலும் சத்திரத்திலும் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதே குற்றம் என்றது. பாத்திரம் என்று சட்டத்தில் தனியாக எழுத வேண்டியிருக்கிறது என்றால் டம்ளர் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த டம்ளர் எங்கள் வீட்டுக் கதையிலும் இருக்கிறது.

என் தாத்தா பெரம்பூரில் மில் வேலை. மாசம் தவறாமல் அமாவாசைக்குத் திருவள்ளூர் போவார். ஆடி மாசம் பெரியபாளையம். எங்கே போனாலும் ஆயா புளிசோறு கட்டிவிடும். நல்லெண்ணெய் மிதக்கிற புளிசோறு, வாழையிலையில், மேலே பேப்பர், சணல் கயிறு. நான் சின்னப் பையனாக இருந்தபோது, அப்பா கையில் காசு இருந்த காலத்திலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. ஓட்டல் வாசலில் பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கி உள்ளே போவார்கள், நாங்கள் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரிப்போம். கேட்டால் அப்பா, "தாத்தாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதுடா" என்பார். தாத்தா செத்து ரொம்ப வருஷம் கழித்து அத்தைதான் சொன்னது. "ஒத்துக்காம என்னா? திருவள்ளூர்ல ஒரு ஓட்டலு. உங்க தாத்தா காசு குடுத்து காபி கேட்டாரு. உள்ள கூட்டம். இவர மட்டும் பின்னால வரச் சொல்லி கொட்டாங்குச்சில ஊத்திக் குடுத்தானுங்க. குடிச்சிட்டுதான் வந்தாரு. அதுக்கப்புறம் அவரு ஓட்டல் படி ஏறல."

குடிச்சிட்டுதான் வந்தாரு. அத்தை சொன்னதில் இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அந்த ஓட்டல் இப்போது இல்லை, பெயரும் தேவையில்லை. ஆனால் ரயில் பயணம், புளிசோறு, வாழையிலை வாசனை என்று யாராவது நினைவேக்கம் எழுதும்போது எனக்கு ஒரு சின்ன நெருடல். கட்டுச்சோறு ருசியானது. சிலருக்கு அது ஆசாரம், வெளியே சமைத்ததைத் தொடமாட்டோம் என்பதற்காகக் கட்டியது. சிலருக்கு அது கவசம், வெளியே போய் அவமானப்பட மாட்டோம் என்பதற்காகக் கட்டியது. இலையைப் பிரித்தால் இரண்டும் ஒரே வாசனைதான் அடிக்கும்.

பெரியபாளையம் விஷயம் வேறு. ஆடியில் ஆரம்பித்துப் பதினாலு வாரம் பவானி அம்மனுக்குத் திருவிழா. சனிக்கிழமை ராத்திரியே குட்டியானை வண்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். வேப்பிலை கட்டிக்கொள்வார்கள், மொட்டை போடுவார்கள். வெட்டவெளியில் மூணு கல் வைத்து அடுப்பு மூட்டி, பொங்கல் ஒரு பக்கம், கோழிக் குழம்பு ஒரு பக்கம். அங்கே ஓட்டல்காரனுக்கு வேலை இல்லை. பக்கத்து அடுப்புக்காரர் உப்பு கேட்பார், நாம் தீப்பெட்டி கேட்போம். அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் தாத்தா முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்திருக்கிறேன். எவ்வுள் என்று யாரையும் கேட்கத் தேவையில்லாத இடம்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கட்டுச்சோற்று வரலாறு உண்டு. தென் மாநிலங்களில் கார் எடுத்துக்கொண்டு கிளம்பும் கறுப்பினக் குடும்பங்கள் டிக்கியில் சாப்பாடும் தண்ணீரும் போர்வையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள், எந்த ஊரில் எந்தக் கதவு சாத்தப்படும் என்று தெரியாததால். நியூயார்க் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் ஒரு கையேடு போட ஆரம்பித்தார். கறுப்பர்களை உள்ளே விடும் ஓட்டல், விடுதி, பெட்ரோல் பங்க், சலூன் எல்லாம் ஊர்வாரியாக. கிரீன் புக் என்று பெயர். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகு, 1966-67 பதிப்போடு அது நின்றது. நம் ஊரில் அப்படி ஒரு அச்சுப் புத்தகம் வந்ததில்லை. அத்தைகள் வாய்வழியாகச் சொன்னதுதான். அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது எங்கேயும் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கும்பல் வந்து அவரைக் கிளப்பிவிட்டது. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று அவர் எழுதிய அந்தச் சின்ன நூல், தலைப்பே சொல்கிற மாதிரி, சொந்த நாட்டில் தங்குமிடம் கேட்ட பயணியின் கதை.

இப்போதைய சாலை எப்படி? நாலு வழிப் பாதையில் சாதி கேட்டுச் சோறு போடும் கடையை நான் பார்க்கவில்லை. செங்குன்றத்து அரிசி ஆலைகளைத் தாண்டினால் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். காரில் வருகிறவர்களுக்கு ஏசி ஹால், ராஜஸ்தான் லாரிக்காரர்களுக்குக் கயிற்றுக் கட்டில் போட்ட தாபா, ஆந்திரா எல்லை நெருங்க நெருங்க பருப்புப் பொடியும் கோங்குரா சட்னியும். சிப்காட் பக்கத்துச் சந்துகளில் இந்தி எழுத்தில் பலகை வைத்த சின்னக் கடைகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு ராத்திரி பத்து மணிக்கும் சூடாக ரொட்டி. 2020 மே மாசம் அந்தப் பையன்களில் பலர் இதே சாலையில்தான் வடக்கே பார்த்து நடந்தார்கள். சத்திரங்களெல்லாம் வெறும் பெயராகிவிட்டது அவர்களுக்குத்தான் உறைத்திருக்கும்.

இன்றைய பிரிப்பு காசை வைத்து. லாரி டிரைவர் சாப்பிடலாம், படுப்பது வண்டிக்குள்தான். சின்ன கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்கு வரும் பெண்கள் டீ குடிக்கிற கடையில் பாத்ரூம் இருக்காது. இருக்கிற கடையில் அவர்கள் சாப்பிடுகிற விலை இருக்காது.

2024 அக்டோபர் 11ஆம் தேதி ராத்திரி எட்டரை மணி சுமாருக்கு, மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் போய் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு தீயும் பிடித்தது; உயிர்ப்பலி இல்லை என்பது அதிசயம்தான். பெரும்பாலும் பீகாருக்குப் போகிறவர்கள், ஆயிரத்துக்கும் மேல். இருட்டு, மழைக்காலம், பிள்ளைகள், மூட்டைகள். அவர்களை அக்கம்பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். பிறகு சென்னை சென்ட்ரலுக்குப் பஸ்கள், விடியும் முன்பே தர்பங்காவுக்குத் தனி ரயில். அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு சரபோஜி கடிதத்து மணிச்சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பாஷை தெரியாத ஆயிரம் பேருக்குக் கவரைப்பேட்டையில் நடு ராத்திரி சோறு. அன்றைக்கு யாரும் யாரையும் எந்த ஆள் என்று கேட்டிருக்க நேரமிருந்திருக்காது.

மண்டபம் என்ற சொல்லும் இதே கதையைச் சேர்ந்ததுதான். வழிப்போக்கர் ஒதுங்கும் கல் மண்டபம். ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊருக்கே அந்தப் பெயர். இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்தவர்களை முதலில் அங்கேதான் வைத்துப் பதிந்தார்கள். அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அப்படி 1990 வாக்கில் வந்தவர்களில் ஒரு பகுதி இந்த வடக்குச் சாலைக்கு வந்தது. புழலில் ஒரு முகாம், கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம். சண்டை ஓய்ந்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று ஒதுங்கிய இடம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இந்தியக் குடியுரிமை இன்னும் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் அந்த முகாமிலிருந்து வருகிறவன். பிறந்தது இங்கேதான். எங்களோடு பேசும்போது அசல் திருவள்ளூர் மாவட்டத்துத் தமிழ். போனில் அம்மாவோடு பேசும்போது வேறு தமிழ். என் மென்பொருளில் இருந்த பாதிக் குறைகளைக் கண்டுபிடித்துச் சொன்னவன் அவன்தான். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சில நாள் இடியப்பமும் சொதியும். எனக்கும் ஒரு பங்கு வைப்பான். சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு, "அம்மா திருகோணமலைன்னு சொல்லும். நான் பார்த்ததில்ல அண்ணா" என்றான்.

வேலை முடிகிற வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, நாளைக்குக் காரில் நெல்லூர் வரை போய் நல்லதாக ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வரலாமா தம்பி என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு முகாம்ல செக்கிங் அண்ணா. ஆள் கணக்கு எடுப்பாங்க. வீட்ல எல்லாரும் இருக்கணும்."